கிளட்ச் வழுக்குகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: வீட்டிலேயே பிரித்துப் பூட்டிய ஸ்பிளெண்டரை எப்படிச் சரிசெய்வது?

தம்பி, முதலில் நீங்கள் சொன்னதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் புரியும். வண்டி செல்ஃப் வைத்த ஸ்பிளெண்டர். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று வலப்பக்கக் கவரைக் கழற்றிப் புது பிளேட் செட்டும் புது கேபிளும் போட்டீர்கள். பேக்கிங் கிழிந்துவிட்டதால் பேஸ்ட் தடவிக் கவரை மூடினீர்கள். வடித்த ஆயிலுக்குப் பதிலாக, காருக்கு வாங்கி மீந்திருந்த 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றினீர்கள். அதே கையோடு ஹேண்டிலில் மொபைல் சார்ஜர் மாட்டும்போது, கறுப்பு வயர்தான் எர்த் என்று நினைத்து, வண்டியின் கறுப்பு வயரையும் சார்ஜரின் கறுப்பு வயரையும் சேர்த்து பாடி போல்ட்டில் இறுக்கினீர்கள். சாவியைப் போட்டதும் ஃபியூஸ் போனது. கையில் வேறு ஃபியூஸ் இல்லாததால் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்தீர்கள், மறுபடி சாவி போட்டதும் டேங்க் அடியிலிருந்து புகை. உடனே ஆஃப் செய்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டீர்கள். இப்போது கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மூன்றாவது நான்காவது கியரில் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி இழுக்கவில்லை. ஹார்ன் கம்மிய குரலில் அடிக்கிறது, இண்டிகேட்டர் எரிகிறது ஆனால் மின்னவில்லை. செல்ஃபை அமுக்கினால் நியூட்ரலில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும், கியரில் கிளட்ச் பிடித்துக்கொண்டு அமுக்கினால் அந்தச் சத்தமும் இல்லை.

அந்தக் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி. கிட்டத்தட்ட பாதி விடை அதில்தான் இருக்கிறது, பிறகு அதற்கு வருகிறேன்.

இன்றைக்கே, இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே, செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் செப்புக் கம்பியை எடுத்துவிடுங்கள். சைட் கவரைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள் (கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்; பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் ஒன்றும் ஆகாது). ஃபியூஸ் என்பது வயரைக் காப்பாற்றுவதற்காகத் தானே எரிந்துபோகும் பொருள். அந்த இடத்தில் தடித்த கம்பி இருந்தால் அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது எரியப்போவது வயர், அந்த வயர் போகும் இடம் பெட்ரோல் டேங்குக்கு நேர் அடியில். ஏற்கெனவே ஒரு முறை புகை வந்திருக்கிறது, எங்கேயோ இன்சுலேஷன் உருகியிருக்கும், அது தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வீட்டு வாசலில் இருட்டில் நிறுத்திவைக்கவும் வேண்டாம். ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதே ஆம்பியர் ஃபியூஸ் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில்லறைக் காசுதான்.

அடுத்து, இரண்டு கோளாறும் ஒரே நாளில் வந்ததால் இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். வண்டி இழுக்காததற்கும் வயர் எரிந்ததற்கும் தொடர்பே இல்லை. இழுவை போனது கேபிளாலும் ஆயிலாலும், மின்சாரம் போனது கறுப்பு வயராலும் செப்புக் கம்பியாலும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு வேலையும் சந்திக்கின்றன, அது கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச். அதனால் புது சாமான் வாங்க ஓடாதீர்கள். நீங்கள் கை வைத்த இடங்களை, வைத்த வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாகத் திரும்பிப் பாருங்கள். வேலை செய்வதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த வண்டி, வேலை செய்த பிறகு ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். இதை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைத் திறப்பது, பிளக்கை மாற்றுவது, சிடிஐ (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்னணுப் பெட்டி) வாங்குவது என்று இறங்கினால் பணமும் போகும், புதுக் கோளாறும் சேரும்.

கிளட்சில் ஆரம்பிப்போம், காசு செலவில்லாத சோதனையிலிருந்து. லீவரை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை எந்தக் கனமும் தெரியாமல் லூசாக அசைய வேண்டும், அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்பார்கள். புது கேபிள் போடும் பலரும் 'கேபிள் டைட்டாக இருந்தால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கும்' என்று நினைத்து இந்த லூசை ஒட்ட எடுத்துவிடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங்குகள், நாம் லீவரை இழுப்பது அந்த அழுத்தத்தை விலக்கத்தான். கேபிளில் லூசே இல்லை என்றால் நீங்கள் லீவரைத் தொடாதபோதும் யாரோ பாதி இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரிதான், ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்தாது, முதல் கியரில் தெரியாது, மூன்றாவது நான்காவது கியரில் திராட்டிலை முறுக்கும்போது பிளேட் வழுக்கும்.

லூசு இல்லையென்றால் எஞ்சின் பக்கத்தில் கேபிள் முடியும் இடத்திலுள்ள இரட்டை நட்டில் முதலில் சரிசெய்யுங்கள். லீவர் பக்கத்துத் திருகாணி நுணுக்கமாகத் திருத்துவதற்கு மட்டும், அதை வெளியே ரொம்பத் திருகி எடுத்துவிட்டால் பிடிமானம் குறைந்து மரை அறுந்துபோகும். பிறகு எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி திருப்பிப் பாருங்கள், இரண்டு கோடியிலும் லூசு அதே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது லூசு காணாமல் போனால் கேபிளைத் தவறான வழியில் விட்டிருக்கிறீர்கள், ஹெட்லைட்டுக்குப் பின்னால் எங்கேயோ மாட்டி இழுபடுகிறது. சார்ஜர் வயரைக் கட்டும்போது கேபிளையும் சேர்த்து டை போட்டு இறுக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதையும் பாருங்கள்.

சரி, லூசு ஒழுங்காக இருக்கிறது, அப்படியும் வழுக்குகிறது என்றால் ஆயில். எனக்கு என்னவோ உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகமே இதன் மேல்தான். பெரும்பாலான கார்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே தனியாக உலர்ந்து கிடக்கும். நம் மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே சுற்றுகின்றன. கார் ஆயில்களில் மைலேஜ் கூடுவதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். கார் எஞ்சினுக்கு அது நல்லது, உராய்வை நம்பியே வேலை செய்யும் கிளட்சுக்கு அதுவே எமன். இதைப் பிரித்துக் காட்டத்தான் ஜப்பானில் 1998-இல் ஜாசோ டி903 என்று ஒரு தரநிலை வைத்தார்கள். பாட்டிலின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்று இருந்தால் உராய்வு குறைந்த ஆயில், கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. ஜாசோ என்ற பேச்சே இல்லாமல், ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்ற சொல் இருந்தால் அந்த பாட்டிலை பைக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பலர் இதை 5டபிள்யூ-30க்கும் 10டபிள்யூ-30க்கும் உள்ள வித்தியாசம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் ஆயில் எவ்வளவு தண்ணியாக ஓடுகிறது என்பதைச் சொல்வது, கிளட்ச் வழுக்குவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதே மாதிரி 'சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்' என்று கடைகளில் சொல்வதும் சரியில்லை, எம்ஏ முத்திரை இருக்கிற சிந்தெடிக் தாராளமாக ஊற்றலாம். ஸ்பிளெண்டருக்குக் கம்பெனி சொல்வது 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ. அதையே வாங்குங்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அந்தக் கார் ஆயிலை முழுக்க வடியுங்கள். வடியும்போதே வண்டியை இரண்டு பக்கமும் கொஞ்சம் சாய்த்துக் காட்டுங்கள். எம்ஏ ஆயில் ஊற்றுங்கள். பாட்டிலில் இருப்பதையெல்லாம் ஊற்றிவிடாமல் வண்டியை நேராக நிறுத்தி டிப் ஸ்டிக்கின் மேல்கோடு கீழ்கோடு பார்த்து ஊற்றுங்கள், திருகாமல் சும்மா வைத்து அளவு பார்க்க வேண்டும். ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். ஒரே முறை வடித்தால் எஞ்சினின் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் பழையது தங்கும், பிளேட்டின் உராய்வுப் பட்டையும் அதை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால்தான் இரண்டு முறை சொல்கிறேன். நீங்கள் கொஞ்ச தூரம்தான் ஓட்டியதாகச் சொல்கிறீர்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். வடித்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். கருகிய நாற்றம், கறுப்புத் துகள்கள் இருந்தால் பிளேட் எரிய ஆரம்பித்துவிட்டது, கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

கவரைத் திறக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. பேக்கிங்குக்குப் பதிலாகத் தடவிய பேஸ்ட். விளிம்பில் அளவுக்கு மிஞ்சித் தடவினால் கவரை இறுக்கும்போது அது வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிடுவோம், உள்ளே பிதுங்கியது காய்ந்து, பிய்ந்து, ஆயிலோடு சுற்றி அடியிலுள்ள சல்லடையில் போய் அடைக்கும், இல்லை ஆயில் போகும் சின்னத் துளையில் உட்காரும். மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர் பக்கம் ஆயில் ஏறாமல் எஞ்சினே போய்விடக்கூடிய விஷயம் இது, கிளட்ச் வழுக்கலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மெல்லிய படலமாகத்தான் தடவினேன் என்று உறுதியாகத் தெரிந்தால் விடுங்கள். தாராளமாகத் தடவியிருந்தால் தயவுசெய்து கவரைத் திறந்து சல்லடையைக் கழுவி, புதுப் பேக்கிங் போட்டு மூடுங்கள். பேக்கிங் மலிவு, எஞ்சின் மலிவில்லை.

திறக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டைத் துளையில் திணித்தால் கேஸ் விரிசல் விடும், குட்டையானதை நீளத் துளையில் போட்டால் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து அதுவும் அறுந்துவிடும். அலுமினியத்தில் மரை போனால் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, இன்சர்ட் போடும் வேலை வரும். பேக்கிங் மிச்சத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்த இடத்தில் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஆயில் கசியும், பிளாஸ்டிக் துண்டோ பழைய ஏடிஎம் கார்டோ போதும். வழிகாட்டிக் குழல்கள், அதாவது டவல் பின், அது இருந்த துளையில் இருக்கிறதா பாருங்கள். மூடும்போது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கம் போதும், டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டை ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள், குழாய் செருகி நீட்டி இறுக்க வேண்டாம். வலப்பக்கம் திறந்திருக்கும்போதே கிராங்க் முனையில் இருக்கும் வட்டமான ஆயில் ஃபில்டரையும் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள், அது சுழற்சி வேகத்தால் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கிச் சேர்த்து வைக்கும் வகை, பல வண்டிகளில் வருடக்கணக்கில் திறக்காமலே கிடக்கும், திறந்தால் களிமண் மாதிரி அப்பியிருக்கும்.

பிளேட்டுகளை எடுத்தால், உராய்வுப் பட்டை பளபளவென்று கண்ணாடி போலாகியிருக்கிறதா, இரும்பு பிளேட்டில் நீலத் திட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். நீலம் என்றால் கடும் சூடு பட்டது. இரும்பு பிளேட்டைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், 0.2 மில்லிமீட்டர் உள்ளே போனால் அது வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குகளை மாற்றினால் மொத்த செட்டையும் மாற்றுங்கள், ஒன்று புதிது மற்றவை பழையது என்றால் அழுத்தம் ஒருபக்கமாகச் சாயும். பிளேட்டுகள் உட்காரும் கூடையான கிளட்ச் பெல்லின் காடிகளில் பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருந்தால், கிளட்ச் பிடித்த பிறகும் பிளேட் விலகாமல் வண்டி நகரப் பார்க்கும், கியர் விழாது. லேசான தழும்பு என்றால் அரத்தால் மெல்லத் தேய்க்கலாம், விரல் நகம் ஆழமாக மாட்டிக்கொள்ளும் பள்ளம் என்றால் பெல்லையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறப்போட்டீர்களா? பாக்கெட்டிலிருந்து எடுத்து உலர்ந்தபடியே போடக்கூடாது. ஒரு பாத்திரத்தில் எம்ஏ ஆயில் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் பூட்ட வேண்டும். உலர்ந்த பட்டை முதல் சில நிமிடங்களிலேயே காய்ந்து கருகும். அப்புறம் அந்தக் கிளட்ச் நட்டு, அதைக் கழற்ற நான்கு காடி உள்ள தனி டூல் வேண்டும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றியிருந்தால் நட்டின் விளிம்பு சிதைந்திருக்கும், உலோகத் துகளும் ஆயிலில் விழுந்திருக்கும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் டூல் இரவல் வாங்குங்கள், இல்லை அவரையே வரச்சொல்லுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

இப்போது மின்சாரம்.

அந்தக் கறுப்பு வயர் விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தத் தவறு ரொம்பப் பேருக்கு நடக்கிறது. பேட்டரியிலோ அடாப்டரிலோ கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று பழகிவிட்டோம். ஹோண்டா வழியில் வந்த வண்டிகளில், ஹீரோ உட்பட, எர்த் பச்சை. சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வரும் லைவ். கறுப்பு, சாவி போட்ட பிறகு உயிர் வரும் லைவ். ஆக நீங்கள் பாடி போல்ட்டில் வைத்து இறுக்கியது வண்டியின் மெயின் லைவ் வயரை. வண்டிக்கு வண்டி இது மாறும்: பஜாஜில் எர்த் கறுப்பில் மஞ்சள் கோடு, சாவி லைவ் பழுப்பு, யமஹாவில் எர்த் கறுப்பேதான், சாவி லைவ் பழுப்பு. அதனால் நிறத்தை நம்பி எந்த வயரையும் வெட்டாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் போதும், இந்த வேலைக்கு அது இல்லாமல் இறங்கவே கூடாது.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பேட்டரியைக் கழற்றிய நிலையில் அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழே என்றால் காலி. 10.5 பக்கம் நின்றுகொண்டு சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை என்றால் ஒரு செல் செத்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஷார்ட் ஆன சில நொடிகளில் உங்கள் பேட்டரி பெரும் கரண்ட்டைக் கொட்டியிருக்கும், அதன் பிறகு சரியாகச் சார்ஜும் ஏறியிருக்காது, அதனால் காலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வண்டியின் பேட்டரி 3 ஆம்பியர் ஹவர்தான், சின்னது. கார் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.3 ஆம்பியர் அளவில் மெல்ல ஏற்ற வேண்டும். பேட்டரிக் கடையில் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள், 'பைக் பேட்டரி, மெதுவாகப் போடுங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள்.

பேட்டரி சார்ஜில் இருக்கும்போது டேங்கைக் கழற்றி வயரிங் கிட்டைப் பாருங்கள். புகை வந்த இடத்தைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்கும். ஃபியூஸ் ஹோல்டர், சாவி சுவிட்ச்சின் கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் துண்டு), சிவப்பும் கறுப்பும் சேர்ந்து ஓடும் பகுதி, இந்த மூன்றையும் முக்கியமாகப் பாருங்கள். கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, வயர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடக்கும்போது மொறுமொறுவென்று இருந்தாலோ அந்த இடம் சூடுபட்டிருக்கிறது. உருகிய வயர் பக்கத்து வயரோடு ஒட்டியிருக்கக்கூடும், மேல் டேப்பைப் பிரித்தால்தான் தெரியும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து அதே தடிமனுள்ள வயரை வைத்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிவிட்டால் மழைக்காலத்தில் பச்சை பூத்து மறுபடி இதே கதை. சாவி சுவிட்ச்சின் உள்ளே கருகியிருந்தால் அதைப் பிரித்துப் பழுது பார்க்க முயலாதீர்கள், புதிது வாங்குங்கள்.

ஹார்ன் ஏன் கம்முகிறது, இண்டிகேட்டர் ஏன் மின்னாமல் நிற்கிறது என்றால், பேட்டரி காலி என்பது பாதிக் காரணம். மீதி, இந்தக் கருகிய இணைப்புகளில் வோல்ட் தொலைவது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, சரியான ஃபியூஸ் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை ஹார்னின் லைவ் முனையிலும் வைத்து ஹார்னை அடியுங்கள். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியில் வீணாகிறது. பிறகு கறுப்பு முனையைப் படிப்படியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள், கப்ளருக்கு முன், பின், ஃபியூஸுக்கு முன், பின் என்று. எந்த இடத்தைத் தாண்டும்போது அந்த எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எந்தச் சாமானையும் மாற்றிப் பார்க்காமல் கண்டுபிடித்துவிடலாம், இதனால்தான் மீட்டரைப் பற்றி அவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இப்போது உங்கள் கடைசி வரி. நியூட்ரலில் 'டக்' சத்தம் வருகிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் அதுவும் இல்லை. செல்ஃப் பட்டனை அமுக்கும்போது ஸ்டார்ட்டர் ரிலேயின் காயிலுக்குக் கரண்ட் போகிறது, அந்தக் காயிலின் எர்த் இரண்டு வழிகளில் ஏதோ ஒன்றில் முடிய வேண்டும்: கியர் நியூட்ரலில் இருந்தால் நியூட்ரல் சுவிட்ச் வழியாக, கியரில் இருந்தால் கிளட்ச் லீவர் அடியிலுள்ள சுவிட்ச் வழியாக. நியூட்ரலில் 'டக்' வருவதால் பட்டன், ரிலே காயில், நியூட்ரல் சுவிட்ச் மூன்றும் நன்றாக இருக்கின்றன. மோட்டார் சுற்றாததற்குப் பேட்டரி காலி என்பதே முதல் காரணம், முழுச் சார்ஜில் சுற்றிவிடும் என்று நினைக்கிறேன். சுற்றும்போது பேட்டரியில் அளந்தால் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது, விழுந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. 12-லேயே நிற்கிறது, ஆனாலும் மோட்டார் அசையவில்லை என்றால் கோளாறு ரிலேயின் உள் காண்டாக்டில், அல்லது மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷில்.

கியரில் சத்தமே இல்லாததுக்குக் காரணம் கிளட்ச் சுவிட்ச்தான், அதற்கும் ஷார்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கேபிள் மாற்றும்போது லீவரைக் கழற்றியிருப்பீர்கள், திரும்பப் போடும்போது சுவிட்ச்சின் சின்ன முள் லீவருக்குப் பக்கவாட்டில் மாட்டி வளைந்திருக்கும், இல்லை அதன் இரண்டு வயரில் ஒன்று கழன்றிருக்கும். இரண்டு வயரையும் கழற்றி, மீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டியில் வைத்து, லீவரை இழுத்தால் பீப், விட்டால் மௌனம் என்றிருக்க வேண்டும். முள் உடைந்திருந்தால் சுவிட்ச் மாற்றுங்கள். 'சும்மா இரண்டு வயரையும் சேர்த்துவிடுங்கள்' என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள், அப்படிச் செய்தால் கியரில் நிற்கும் வண்டி பட்டனைத் தொட்டதும் முன்னால் பாயும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதோடு, கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் கியரில் இருந்தாலும் நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் இந்த இரண்டு வழிகளையும் பிரித்து வைக்கும் டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் சாமான்) போய்விட்டது.

எல்லாம் முடிந்து எஞ்சின் ஓடும்போது சார்ஜிங்கைப் பார்க்க வேண்டும். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து திராட்டிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டின் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கப்ளர், அதிலிருந்து பேட்டரிக்கு வரும் சிவப்பு வயர், மேக்னட் பக்கத்திலிருந்து வரும் வெள்ளை வயர் என்ற வரிசையில் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்படுத்தவில்லை, அல்லது அதன் பச்சை எர்த் சரியில்லை, பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். சாவி ஆஃப் செய்து ஒரு மணி நேரம் கழித்தும் ஆர்ஆர் யூனிட் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு ஷார்ட், இரவோடு இரவாகப் பேட்டரியைக் குடித்துவிடும். எந்தச் சோதனைக்காகவும் எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், வோல்ட் எகிறி நல்ல சாமானும் போய்விடும். மாற்ற வேண்டி வந்தால் புதிதாக வாங்குங்கள். சென்னை என்றால் புதுப்பேட்டையில் பழைய லீவர், மட்கார்ட், ஃபுட் ரெஸ்ட் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் ஆர்ஆர், ரிலே, சிடிஐ மாதிரி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதவற்றைப் பழையதாக வாங்கினால், கோளாறு வண்டியிலா சாமானிலா என்ற குழப்பம் கூடுதலாகச் சேரும்.

மொபைல் சார்ஜர் உங்களுக்குத் தேவைதான், வேலைக்காக நாள் முழுக்க மேப் பார்த்து ஓட்டுவதாகச் சொன்னீர்கள். தாராளமாகப் போடலாம். சார்ஜரின் பாசிட்டிவ் வண்டியின் கறுப்பு வயருக்கு, தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று வைத்து, நெகட்டிவ் பச்சைக்கு. பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டாம். போன் மாட்டாதபோதும் சில சார்ஜர்கள் 20 மில்லி ஆம்பியர் போல இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஹவர், வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் 3 ஆம்பியர் ஹவர் பேட்டரி காலி.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. செப்புக் கம்பியும் வயர் சோதனையும் முதல் நாள், கேபிள் லூசும் ஆயிலும் அடுத்து. செய்து பார்த்துவிட்டு மூன்று எண்களை எனக்கு எழுதுங்கள்: சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஓய்வில் எத்தனை வோல்ட், செல்ஃப் சுற்றும்போது எத்தனை, எஞ்சின் ஓடும்போது எத்தனை. வடித்த ஆயிலில் கருகிய வாசம் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிளேட்டை வெளியே எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.